கூப்பனில் எழுதிக் கொடுத்த நம்பர்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நாம் இரண்டு பேரும் உன் கல்யாணப் பத்திரிகைக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தோம். பட்டியலில் உன் காலேஜ் சிநேகிதி மஞ்சுளா பேரை நான் வாசித்ததும் பேனாவை வைத்துவிட்டாய். "அவள எதுக்கும்மா சேத்த? என் நம்பர ஊருக்கே குடுத்தவ அவ. அவ வந்தா நான் கோயிலுக்குள்ளயே வர மாட்டேன்" என்றாய். நான் அடுப்பில் பருப்பு இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. சமையலறையில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். உன் நம்பரைக் கொடுத்தது மஞ்சுளா இல்லை. கொடுத்தது யார் என்று எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. வாயால் சொன்னால் பாதியில் அழுது உன் இரக்கத்தைச் சம்பாதித்துக்கொள்வேன். எனக்கு அது வேண்டாம். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு உன் அண்ணன், சித்தி, யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. மறைத்து வைக்கிற கடிதம் இல்லை இது.

உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் மன்னிக்கிற ஜாதி இல்லை. மாதா கோயிலில் முழங்கால் போட்டு ஜெபத்தில் 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல' என்று சொல்லும்போது அந்த வார்த்தையை மட்டும் முணுமுணுத்துவிட்டுத் தாண்டிவிடுவேன். கம்பெனியில் புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவன் என்னை "ஏய், இந்தாம்மா" என்று கூப்பிட்டான். அவனுக்கு என் பேர் வாயில் வரும்வரை எட்டு மாதம் நான் திரும்பியே பார்க்கவில்லை. லைனில் என்ன கோளாறு வந்தாலும் அவன் நடந்து என் மேஜைக்கு வந்து நின்று பேச வேண்டியிருந்தது. கடைசியில் ஒருநாள் பேர் சொல்லிக் கூப்பிட்டான், பேரோடு 'அக்கா'வும் சேர்த்து. அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு ருசித்தது. இப்படிப்பட்டவளின் கதை இது, அதை மனதில் வைத்துக்கொண்டு படி.

எங்கள் கம்பெனி கேட்டில் போனை வாங்கி மர அலமாரியில் வைத்துவிட்டு டோக்கன் கொடுப்பார்கள். காலையில் கொடுத்தால் ஷிப்ட் முடிந்துதான் கைக்கு வரும். ஓசூரில் என்னைப்போல் லைனில் நிற்கிற பொம்பளைகள் எல்லோருக்கும் இதே கதைதான். நமக்கு யார் போன் செய்தாலும் நாம் எடுக்க முடியாது. அதனால் நாங்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்தோம். எங்கே நம்பர் கேட்டாலும் வீட்டில் இருக்கிற பிள்ளையின் நம்பரை எழுதினோம். கேஸ் சிலிண்டருக்கு உன் நம்பர். ரேஷன் கார்டுக்கு உன் நம்பர். பங்குக் கோயில் குடும்ப அட்டையில் உன் நம்பர். துணிக்கடையில் பில் போடுகிற பையன் கேட்டால், அவன் எதற்குக் கேட்கிறான் என்றுகூடத் தெரியாமல், உன் பத்து நம்பரையும் ஜெபம் மாதிரி ஒப்பித்தேன். என் நம்பரே எனக்குச் சரியாகத் தெரியாது. உன்னுடையது தூக்கத்தில் கேட்டாலும் வரும். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அந்தப் போன்கள் ஆரம்பித்தன. முதலில் மனை விற்கிறவர்கள், லோன் வேண்டுமா என்கிறவர்கள். நீ சிரித்துக்கொண்டே கட் செய்தாய். பிறகு ஒருவன் வந்தான். வேறு வேறு நம்பரிலிருந்து பேசினான். நம் தெருப் பேர் சொன்னான், உன் பேர் சொன்னான். "டீச்சர், சாப்டாச்சா? டீச்சர், இன்னிக்கு என்னா கலர் புடவ?" என்றான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நீ குளிக்கப் போயிருந்தபோது அந்தப் போனை நான் எடுத்தேன். "டீச்சர் இல்லீங்களா? அவங்க கிட்டதான் பேசணும்" என்றான், ரொம்ப உரிமையாக. டீச்சர் என்பது நீங்கள் இரண்டு பேரும் வைத்துக்கொண்ட செல்லப்பேர் என்று முடிவு கட்டினேன். நீ ஈரத் தலையோடு வந்து நின்றாய். ஒரு கேள்வி கேட்காமல் கன்னத்தில் அறைந்தேன். "யாருகிட்டடி நம்பர் குடுத்த?" என்றேன். "சத்தியமா யாருக்கும் குடுக்கலம்மா, மஞ்சுளாகிட்ட மட்டுந்தான் இருக்கு" என்று அழுதாய். அந்த ஒரு பேர் எனக்குப் போதுமாக இருந்தது.

மஞ்சுளாவுக்கு ஒரு அண்ணன் இருந்தான். அண்ணனுக்குச் சிநேகிதர்கள் இருந்தார்கள். மீதியை என் புத்தியே ஜோடித்துக்கொண்டது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் ஊரான உத்தனப்பள்ளிக்குப் போனேன். நீ வராதே என்று கதவைப் பூட்டிவிட்டுப் போனேன், ஞாபகம் இருக்கும். அங்கே என்ன நடந்தது என்று உனக்கு நான் முழுசாகச் சொன்னதில்லை. அவள் வீட்டு வாசலில் நின்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "உங்க பொண்ணு என் பொண்ணோட நம்பர ஆம்பளைங்களுக்கு வித்துகினு இருக்கா" என்றேன். சொன்ன வார்த்தை இதுதான், குறைத்து எழுத மாட்டேன். அவள் அப்பா தக்காளித் தோட்டத்திலிருந்து சேற்றுக்காலோடு ஓடி வந்தார். தெலுங்கில் மகளிடம் என்னவோ கேட்டார். அவள் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜெயித்தவள்போல் பஸ் ஏறி வந்தேன். "அவதான், ஒத்துகினா" என்று உன்னிடம் பொய் சொன்னேன். அவள் ஒன்றையும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் அவள் காலேஜுக்கு வரவில்லை. பிறகு வரவே இல்லை. நீ அவளிடம் ஒருதரம்கூடக் கேட்காமல் என்னை நம்பினாய். நீ வேறு நம்பர் வாங்கிக்கொண்டாய். படிப்பை முடித்து வேலை கிடைத்துப் பெங்களூரு ஹாஸ்டலுக்குப் போனாய். உன் பழைய சிம்மில் பாக்கி நாள் இருக்கிறதே, வீணாக்குவானேன் என்று அதை என் பட்டன் போனில் போட்டுக்கொண்டேன். பிறகு அதுவே என் நம்பராகிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லீவு நாள் காலையில் அந்தப் போனில் ஒரு பொண்ணு பேசினாள். பாகலூர் பக்கம் மனை விற்கிறாளாம். "ஆக்னஸ் டீச்சருங்களா?" என்றாள். உன் பேர், அதோடு அந்த டீச்சர். "டீச்சர்னு உனக்கு யாரும்மா சொன்னா?" என்று கேட்டேன். பாவம், அவள் ஒளிக்கத் தெரியாதவள். "லிஸ்ட்ல அப்படித்தாங்க இருக்கு. ஆக்னஸ், வயசு இருபத்தஞ்சு, தனியார் பள்ளி டீச்சர், ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும்" என்று வாசித்தாள். அந்தப் போன்கள் ஆரம்பித்த வருஷம் உனக்கு வயது பத்தொன்பது. நீ டீச்சர் இல்லை. ஸ்கூட்டர் என்ன, சைக்கிளே ஒழுங்காக ஓட்ட மாட்டாய். இந்த மூன்று பொய்யையும் உலகத்தில் ஒரே ஒரு தாளில்தான் ஒருத்தி எழுதினாள், அது நான். அதே வருஷம் கல்யாண மண்டபத்தில் வீட்டுச் சாமான் கண்காட்சி நடந்தபோது வாசலில் கூப்பன் பெட்டி வைத்திருந்தார்கள். முதல் பரிசு ஸ்கூட்டர். இருபத்தொன்று முடிந்து வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் எழுதலாம் என்றிருந்தது. உன் ராசிக்கு விழும் என்று உன் பேரில் எழுதினேன். வயசைக் கூட்டினேன், வேலையையும் நானே கொடுத்தேன், ஸ்கூட்டர் ஓட்டவும் வைத்தேன். எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு அடியோடு மறந்தேன். அந்த நாய் உன்னைக் கூப்பிட்ட செல்லப்பேரை அவனுக்குக் கொடுத்தது உன் அம்மா.

அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். என்மேல் இருக்கிற ஆத்திரத்தை இன்னொருத்தன் தலையில் இறக்குவது எனக்குச் சுலபமாக வரும். ராயக்கோட்டை ரோட்டில் அந்தக் கூப்பன் பெட்டியை வைத்த வீட்டுச் சாமான் கடைக்காரரைப் போய்ப் பார்த்தேன். பேர் எழுத மாட்டேன், கடைப் பேரும் எழுத மாட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன், எங்கள் கூப்பனெல்லாம் எங்கே போனது என்று. அவர் மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. "கண்காட்சி முடிஞ்சதும் மூட்டையா கட்டி வெப்போம் அக்கா. மனைக்காரங்க, லோன்காரங்க வந்து வாங்கிகினு போவாங்க" என்றார். என் பொண்ணு பட்ட பாட்டைச் சொன்னேன். சிரித்தார். "நம்பர் என்ன தங்கமா அக்கா, பூட்டி வெக்க? கால் வந்தா கட் பண்ணு, அவ்ளோதான" என்றார். நானும் சிரித்தேன். ஒரு பீரோ வாங்கலாம் என்றிருக்கிறேன், கடை நம்பரில் யாரும் எடுக்க மாட்டேனென்கிறார்கள், உங்கள் சொந்த நம்பர் தாருங்கள் என்றேன். தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

பாப்பா, அதற்குப் பிறகு வந்த ஆறு மாதம் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான ஆறு மாதம் என்று சொன்னால் நீ என்னைப் பற்றி என்ன நினைப்பாயோ. கம்பெனி பஸ்ஸில் விஷயத்தைச் சொன்னேன். அந்த பஸ்ஸில் பிள்ளை நம்பரை எழுதிக் கொடுக்காத தாயே கிடையாது. எல்லோருக்கும் ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. சூளகிரி, மத்திகிரி, பாகலூர், தேன்கனிக்கோட்டை என்று அவரவர் ஊரில் எங்கெல்லாம் கூப்பன் பெட்டி, எங்கெல்லாம் ஃபார்ம், அங்கெல்லாம் அவர் நம்பர். தங்க நகைச் சீட்டு, மூட்டுவலி வைத்தியம், முடி நடுதல், ஆங்கிலம் பேசும் வகுப்பு, ஆட்டுக்குட்டி வளர்ப்புப் பயிற்சி. அத்திப்பள்ளியில் இருந்து வருகிற முனிலட்சுமி கர்நாடகப் பக்கம் பார்த்துக்கொண்டாள். கன்னடத்தில் அவருக்கு இன்சூரன்ஸ் விற்றார்கள். கலாவதி ஒருபடி மேலே போய் இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் தேடுகிறார் என்று கல்யாணத் தரகர் மூன்று பேரிடம் சொல்லிவிட்டாள். நான் சனிக்கிழமைதோறும் பீரோ பார்க்கப் போவேன். கதவைத் திறந்து திறந்து மூடுவேன். அவர் போன் அடிக்கும். எடுப்பார், கத்துவார், வைப்பார். மறுபடி அடிக்கும். பீரோ கண்ணாடியில் அவர் முகம் நன்றாகத் தெரியும். வீட்டில் சண்டையாம், மனைவி தரகர் போனை எடுத்துவிட்டாளாம், கடைப் பையன்கள் சொல்லிச் சிரித்தார்கள். ஒருநாள் அவரே தலையைப் பிடித்துக்கொண்டு, "எவனோ என் நம்பர எங்கியோ குடுத்துட்டான் அக்கா. சோறு திங்க முடில" என்றார். பீரோ கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, "நம்பர் என்ன தங்கமாங்க, பூட்டி வெக்க?" என்றேன். அவர் என்னையே பார்த்தார். புரிந்துவிட்டது. அடுத்த வாரம் நம்பரை மாற்றிவிட்டார்.

இதற்காக நான் வருத்தப்படவில்லை. இன்றைக்கும் நினைத்தால் இனிக்கிறது. நீ புருஷன் வீட்டுக்குப் போகிறாய், அங்கே உன் பேரில் சிலிண்டர் வரும், பால் வரும், ஆயிரம் பேர் நம்பர் கேட்பார்கள். எதுக்கு என்று திருப்பிக் கேள். பில் போடுகிறவனுக்கு உன் நம்பர் தேவையில்லை. தர மாட்டேன் என்று சொன்னால் அவன் பில்லைக் கிழித்துப் போட மாட்டான். ரீசார்ஜ் கடை நோட்டில் எழுதாதே, அந்த நோட்டை யார் வேண்டுமானாலும் புரட்டுவார்கள். ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தால் குறுக்கே கோடு போட்டு எதற்காகக் கொடுத்தாய் என்று எழுதிக் கொடு. போனுக்கு வருகிற ரகசிய எண்ணை, பேங்க் மேனேஜரே பேசுகிறேன் என்றாலும் சொல்லாதே. தொந்தரவு செய்கிறவனிடம் சண்டை போடாதே, அவனுக்கு வேண்டியது உன் குரல்தான். நம்பரையும் நேரத்தையும் எழுதி வைத்து நேராகப் போலீஸில் கொடு. உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அதன் போனில் ஒருவன் உரிமையாகப் பேசினால், முதலில் பிள்ளையை உட்கார வைத்துத் தண்ணீர் கொடு. அறைய வேண்டிய கன்னம் அது இல்லை. இன்னொருவர் நம்பரை உன்னிடம் யாராவது கேட்டால், அது உன் மாமியாருடையதாக இருந்தாலும், அவர்களைக் கேட்காமல் கொடுக்காதே. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஸ்கூட்டர் ஆசையில் கேட்டிருக்க மாட்டேன்.

கடைக்காரருக்குச் செய்ததைப் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் சொன்னேன். மனஸ்தாபப்படுகிறாயா, செய்ததற்கு வருந்துகிறாயா என்றார். இல்லை சாமி என்றேன். "இத மட்டும்தான் சொல்ல வந்தியாம்மா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அதற்குப் பின் ஒவ்வொரு தடவையும் போய் அந்தக் கடைக்காரர் கதையையே சொன்னேன். மஞ்சுளாவின் பேர் என் வாயில் வரவே இல்லை. பீரோக் கடையில் நின்று சிரித்த சிரிப்பில் அவளை மறந்துவிடலாம் என்று இருந்தேன். போன ஞாயிறு நீ பேனாவைக் கீழே வைத்தபோதுதான் தெரிந்தது, நான் இத்தனை நாள் பழிவாங்கியது இரண்டாவது குற்றவாளியை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு மஞ்சுளாவைப் பார்க்கப் போனேன். உன்னிடம் கம்பெனி என்றுதான் சொன்னேன். அவளை அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் காட்டோரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வெகுதூரம் நடக்க வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே கூப்பன், டீச்சர், கடைக்காரர் எல்லாவற்றையும் சொன்னேன். அவரை எப்படிப் பழிவாங்கினேன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என்னையறியாமல் சிரித்திருக்கிறேன் போல. அவள் சிரிக்கவில்லை.

"அந்தக் கடைக்காரன் எங்க ஊட்டு வாசல்ல வந்து கத்தல ஆன்ட்டி. நீங்கதான் கத்துனீங்க" என்றாள். "எங்கப்பா என்ன அடிக்கக்கூட இல்ல. ஒரு வாரம் மூஞ்சி குடுத்துப் பேசல. அப்பறம் பொஸ்தகத்தெல்லாம் எடுத்து மேல கட்டி வெச்சிட்டாரு. இன்னிக்கு வரைக்கும் அவரு என்ன நம்பல. ஆக்னஸ் ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா எனக்குப் போதும். அவளும் கேக்கல."

நான் காலில் விழப் போனேன். தள்ளி நின்றுகொண்டாள். "அதெல்லாம் வேணாம். அன்னிக்கு எந்த எடத்துல நின்னு கத்துனீங்களோ அங்கயே போயி நில்லுங்க. எவ்ளோ சத்தமா சொன்னீங்களோ அவ்ளோ சத்தமா சொல்லுங்க. எங்கப்பா காதுல விழணும்" என்றாள். பழிவாங்குவது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவள் ஐந்து வருஷம் யோசித்து வைத்திருந்தது என்னுடையதைவிட நேர்த்தியாக இருந்தது. நியாயமாகவும் இருந்தது.

நேற்றுக் காலையில் உத்தனப்பள்ளி போனேன். அந்த வாசலில் நின்றேன். அன்றைக்குக் குரல் எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா. பிறகு கத்தினேன். "மஞ்சுளா மேல ஒரு தப்பும் இல்ல. என் பொண்ணு நம்பர எழுதிக் குடுத்தது நான். பொய் சொன்னதும் நான்" என்று மூன்று தடவை கத்தினேன். அதே எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். ஒரு கிழவர் எனக்குப் பைத்தியமா என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். மஞ்சுளாவின் அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். மனிதர் பாதியாக இளைத்திருக்கிறார். நான் முடித்ததும், "அவ படிப்ப என்னம்மா பண்றது?" என்று மட்டும் கேட்டார். உள்ளே போய்விட்டார். மகளுக்குப் போன் செய்வார் என்று வாசலிலேயே நின்று காது கொடுத்தேன். உள்ளே பேச்சுக்குரல் எதுவும் கேட்கவில்லை. செய்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

மஞ்சுளாவின் நம்பரை நான் கேட்கவில்லை, அவளும் தரவில்லை. உன் நம்பரையும் நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. பத்திரிகை ஒன்றில் அவள் பேரை எழுதி மேஜைமேல் வைத்திருக்கிறேன். அஞ்செட்டிக்குக் காலையில் போகிற பஸ்ஸைத் தவறவிட்டால் மத்தியானம்வரை வேறு கிடையாது. கொண்டுபோய்க் கொடுக்கிறதானால் நீ தனியாகப் போ, என்னைக் கூட்டிப் போகாதே. அவள் வருவாள் என்று எனக்கு நிச்சயமில்லை. உனக்கு நான் செய்தது இதைவிடப் பெரிது. கன்னத்தில் அறைந்ததைச் சொல்லவில்லை. பொய்யைச் சொல்லி உன் ஒரே சிநேகிதியை உன் கையாலேயே வெட்டிப்போட வைத்தேன். பிறகு உண்மை தெரிந்தும் இரண்டு வருஷம் நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் உனக்குச் சோறு பரிமாறினேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கடைக்காரரை நான் இந்த நிமிஷம்வரை மன்னிக்கவில்லை. ஒரு நம்பருக்கே அத்தனை செய்தவள் நான். அதனால் உன்னிடம் கேட்க எனக்கு வாய் இல்லை, நான் கேட்கவும் இல்லை. கல்யாணத்தன்று கோயில் வாசலில் பெண்ணின் தாயாக நான் நிற்கலாமா வேண்டாமா என்பதை மட்டும் நீ சொல். எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேச மாட்டேன்.

அம்மா